பிள்ளை பார்ப்போருக்குப் பதிவேடு: மலையகத்திலிருந்து எழும் கேள்விகள்

பிறர் பிள்ளையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்பவரை அரசு தன் ஏட்டில் பதிந்துவைக்க வேண்டுமா? வேண்டுமென்றால் எல்லோரையும் கட்டாயமாகப் பதிவதா, விரும்பி வருபவரை மட்டும் பதிவதா? பதிந்த பிறகு அந்த ஏடு யாருக்குப் பயன்பட வேண்டும்? இலங்கையில் இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல விடைகள் தரப்பட்டிருக்கின்றன. வீட்டுக்காரரின் உடைமையைக் காக்க ஒரு விடை எழுந்தது. வெளிநாட்டு வருமானத்தை ஒழுங்குபடுத்த இன்னொன்று வந்தது. பணிப்பெண்ணைத் தொழிலாளியாக ஏற்கச் சொல்லும் விடை பிந்தி வந்தது. அது நெடுங்காலம் சட்டமாகவில்லை.

மலையகத்துக்கு இவ்விவாதத்தில் நேரடிப் பங்கு உண்டு. நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, டயகம பகுதித் தோட்டங்களின் பெண்கள் மூன்று இடங்களில் பிள்ளை பார்க்கிறார்கள்: கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் வீடுகளில், மத்திய கிழக்கு வீடுகளில், பிள்ளைக் காம்பரா எனப்படும் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில். முதல் வேலையை அரசு ஏறக்குறையக் கண்டுகொள்வதில்லை. இரண்டாவதைக் கட்டாயமாகப் பதிகிறது. மூன்றாவதை நிறுவனங்களிடம் விட்டுவைத்திருக்கிறது. வேலை ஒன்றாக இருக்க, அரசின் பார்வை மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. பதிவு பற்றிய முக்கிய நிலைப்பாடுகளையும் அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதையும் இந்தக் கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

1871: எசமானுக்கான ஏடு

இலங்கையில் வீட்டுப் பணியாளர் பதிவு புதிய யோசனை அல்ல. 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அச்சட்டம் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் வேலைக்காரர் பதிவாளரிடம் பெயர் கொடுத்து, சட்டைப் பையில் வைக்கத்தக்க சிறு பதிவுப் புத்தகம் ஒன்றைப் பெற வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் விலகியதும் நடத்தை பற்றிய குறிப்பும் அதில் ஏறும். பதிவில்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தோட்டக் கூலியையும் வீட்டு வேலைக்காரரையும் ஒரே பிடிக்குள் கொண்டுவந்து, சொல்லாமல் வேலையை விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது.

இந்த ஏட்டின் நோக்கம் தெளிவானது. வீட்டுக்குள் வரும் அந்நியர் திருடரா, முன்பு தண்டனை பெற்றவரா என்று எசமான் அறிய வேண்டும். வேலைக்காரர் எந்த வீட்டுக்குப் போகிறார், அங்கே சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா, படுக்க இடம் உண்டா என்பவற்றைப் பதிய அதில் பத்தி இல்லை. தகவல் ஒரே திசையில் ஓடியது.

சட்டம் நடைமுறையில் மங்கிப்போனாலும் அதன் மனப்போக்கு மங்கவில்லை. வீட்டில் வேலைக்கு நிற்பவரின் விவரத்தைப் பொலிஸில் கொடுத்துவைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் நகரக் குடும்பங்களில் இன்றும் உண்டு. போர்க்காலத்துக் கொழும்பில் தமிழர் தங்குமிடத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்ததால் அந்த ஏட்டுக்கு வேறு நிழலும் படிந்தது. இந்நிலைப்பாட்டை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. கைக்குழந்தையை ஒருவரிடம் ஒப்படைக்கும் தாய் அவருடைய பின்னணியை அறிய விரும்புவது நியாயம். இதன் குறை, பயம் இரு பக்கமும் இருக்கிறது என்பதைக் காண மறுப்பதில்தான்.

மலையகமும் காகிதமும்

பதிவு நல்லதா கெட்டதா என்பதைத் தோட்டங்களில் வெறும் நிர்வாகக் கேள்வியாகப் பேச முடியாது. கங்காணி முறை நிலவிய காலத்தில் ‘துண்டு’ எனப்பட்ட கடன் சீட்டு ஒரு தோட்டத்துத் தொழிலாளர் கூட்டத்தை இன்னொரு தோட்டத்துக்கு மாற்றியது. சீட்டில் எழுதிய கடனைப் புதிய துரை கட்டினால்தான் ஆட்கள் போகலாம். 1921இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், காகிதத்தால் நிரூபிக்க முடியாதவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003இல் வந்த சட்டமே மிச்சமிருந்த நாடற்ற நிலைக்குப் பெருமளவு முடிவு கட்டியது.

இந்த வரலாற்றுக்கு இரண்டு நடைமுறை விளைவுகள் உண்டு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவை காலத்தில் கிடைக்காத குடும்பங்கள் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்துவந்தன; ஆவணத்தை நுழைவாயிலாக வைக்கும் எந்தப் பதிவும் அவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்தும். அரசிடம் பெயர் கொடுப்பதால் நன்மை வரும் என்ற நம்பிக்கையும் தானாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் மறுபக்கத்தையும் மறக்கக்கூடாது. செக்ரோல் என்ற தோட்டப் பேரேட்டில் பேர் ஏறியதால்தான் தோட்டத் தொழிலாளி சம்பளச் சபையையும் ஊழியர் சேமலாப நிதியையும் மகப்பேற்றுக் கொடுப்பனவையும் கேட்க முடிந்தது. காகிதம் கட்டவும் செய்திருக்கிறது, காக்கவும் செய்திருக்கிறது. எந்தக் கடமையோடு அது இணைக்கப்பட்டது என்பதே ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

வெளிநாட்டு வேலை: கட்டாயப் பதிவின் அனுபவம்

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வீட்டுப் பணிக்காகக் கடல் கடப்போரைக் கட்டாயமாகப் பதிகிறது. பயிற்சி, காப்புறுதி, ஒப்பந்தம், முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் என்று அதன் ஏற்பாடுகள் விரிந்தவை. உள்நாட்டு வேலைக்கும் இதையே பின்பற்றலாமே என்ற வாதம் இங்கிருந்து வருகிறது. ஹட்டனிலிருந்து குவைத்துக்குப் போகும் பெண்ணுக்கு ஒப்பந்தம் இருக்கும்போது, ஹட்டனிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் அவள் தங்கைக்கு ஏன் ஒன்றுமில்லை என்ற கேள்வியில் வலு இருக்கிறது.

ஆயினும் இந்த அனுபவம் இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறது. முதலாவது வயது பற்றியது. 2005இல் மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் போன இளம்பெண் ஒருவர், தம் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தையின் மரணத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2013 ஜனவரியில் மரண தண்டனைக்கு உள்ளானார். வேலைக்குப் போனபோது அவருக்கு வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. கட்டாயப் பதிவு இருந்தும் பொய் வயது கடந்துபோயிற்று. பிள்ளை பார்க்கும் பயிற்சி இல்லாத ஒரு சிறுமியின் கையில் கைக்குழந்தை கொடுக்கப்பட்டதை எந்தப் படிவமும் தடுக்கவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை, பாதுகாப்பு என்ற பெயரில் கட்டுப்பாடு நுழைவது. 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுத்தது. தகப்பனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. தடையைச் சுற்றிப் போக முயன்றவர்கள் முறைப்படியான வழியை விட்டு ஆபத்தான வழிகளுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் விமர்சித்தார்கள். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் அந்த வரம்பு இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் நலன் மாறாதிருக்க அரசின் டொலர்த் தேவை மாறியபோது விதி தளர்ந்தது. அதனால் அவ்விதி யாருக்காக இருந்தது என்ற ஐயம் எழுவது இயல்பு.

விரும்பினால் பதியலாம்: இங்கிலாந்தும் கலிபோர்னியாவும்

கட்டாயப் பதிவின் இக்குறைகளைக் கண்டவர்கள் சுயவிருப்பப் பதிவைப் பரிந்துரைக்கிறார்கள். இதற்கு நன்கு அறியப்பட்ட மாதிரி இங்கிலாந்தில் உள்ளது. 2006ஆம் ஆண்டின் சிறுவர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையின் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஆயா, ஒஃப்ஸ்டெட் என்ற அரச கண்காணிப்பு நிறுவனத்தின் விருப்பப் பதிவேட்டில் சேரலாம். சேராமலும் வேலை செய்யலாம். சேர்பவர் 18 வயது நிறைந்தவராக, குற்றப் பின்னணிச் சோதனையில் தேறியவராக, முதலுதவிப் பயிற்சியும் காப்புறுதியும் உடையவராக இருக்க வேண்டும். அவரை வேலைக்கு வைக்கும் பெற்றோர் பராமரிப்புச் செலவுக்கான அரச வரிச் சலுகையைப் பெறலாம். பதிவைத் தூண்டும் முக்கிய விசை அந்தச் சலுகைதான்.

கலிபோர்னியாவின் ‘டிரஸ்ட்லைன்’ சற்று வேறுபட்டது. கைரேகை வழியாகக் குற்றப் பதிவுகளையும் சிறுவர் துன்புறுத்தல் பதிவுகளையும் சோதித்து, தடையில்லாதவர்களைப் பட்டியலிடுகிறது. தனிப்பட்ட குடும்பத்துக்கு அது விருப்பம். ஆனால் ஆயாக்களை அனுப்பிவைக்கும் முகவர் நிறுவனங்களுக்கு அது கடமை. பொறுப்பு இடைத்தரகர் மீது விழுவது இதில் கவனிக்கத்தக்கது.

இரண்டு மாதிரிகளுக்கும் பொதுவான வரம்பு உண்டு. ஒஃப்ஸ்டெட் பதிவில் இருப்போரில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கினரே மாதிரியாகச் சோதிக்கப்படுகிறார்கள். சோதனையும் குறைந்தபட்ச நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்குமேயன்றிப் பராமரிப்பின் தரத்தை அளப்பதில்லை. ஒழுங்காக நடப்பவர் தாமே வந்து பதிவார். மறைக்க ஏதேனும் உள்ளவர் வரமாட்டார். விருப்பப் பதிவின் ஆழமான குறை அதுதான். மேலும் இம்முறை செயல்பட அடியில் வேறு சில இருக்க வேண்டும்: குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், வரி செலுத்தும் குடும்பம், நம்பத்தக்க குற்றப் பதிவு. இலங்கையில் வீட்டுப் பணிக்கு முதலாவது நெடுங்காலம் இருக்கவில்லை. வருமான வரி வழியாகச் சலுகை பெறும் குடும்பங்களும் சிறு பகுதியே. ஆகவே மாதிரியை அப்படியே பெயர்த்து நட்டால், பதிவுக்கான செலவும் உழைப்பும் ஆயாவின் தலையிலும் நன்மை வீட்டுக்காரர் கையிலும் விழும் வாய்ப்பு அதிகம்.

தொழிலாளியாக ஏற்றல்

நான்காவது நிலைப்பாடு கேள்வியையே திருப்பிப் போடுகிறது: முதலில் பதியப்பட வேண்டியவர் ஆயாவா, வேலை கொடுப்பவரா? சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் ஏற்ற 189ஆம் இலக்கச் சமவாயம் இதற்கு அடித்தளம். வேலை நிபந்தனைகளைத் தெளிவாகத் தெரிவித்தல், வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணிநேர ஓய்வு, அடையாள ஆவணங்களைப் பணியாளரே வைத்திருக்கும் உரிமை, முகவர் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தல், வீட்டின் அந்தரங்கத்துக்கு மதிப்பளித்தபடி தொழிற் பரிசோதனை ஆகியவற்றை அது கோருகிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தாமல் ஆண்டுகளைக் கடத்தியது.

ஆசியாவிலேயே இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரியில் இயற்றிய வீட்டுப் பணியாளர் சட்டம், பணியாளரை உள்ளூர்ச் சிற்றூராட்சியில் பதியும் கடமையை வேலை கொடுப்பவர் மீது சுமத்துகிறது. எழுத்து ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கூடவே வருகின்றன. தமிழ்நாடு வேறு வழியில் போயிற்று. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. பதிவு விருப்பத்துக்குரியது, பதிந்தவருக்குப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவித்தொகை. நன்மை பணியாளர் கைக்கே போவதால் பதிவுக்கு வர அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் மீது எந்தப் பொறுப்பும் விழுவதில்லை. வாரிய அட்டை இருப்பதால் சம்பளம் கூடுவதுமில்லை, ஓய்வு நாள் கிடைப்பதுமில்லை.

இலங்கையில் இந்த நிலைப்பாட்டை அதிகம் முன்னெடுத்தவர்கள் மலையகத் தொழிற்சங்க மரபிலிருந்து வந்தவர்கள். தோட்டத் தொழிலாளரிடையே செயல்பட்ட செங்கொடிச் சங்கத்தின் பின்புலத்தில் 2010களின் தொடக்கத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. தாய் சம்பளச் சபைக்கு உட்பட்டுக் கொழுந்து பறிக்கிறாள். மகள் எந்தச் சபைக்கும் உட்படாமல் கொழும்பில் பிள்ளை தூக்குகிறாள். 2024 செப்டெம்பர் வர்த்தமானி தாயின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாவாக நிர்ணயித்தது. மகளின் சம்பளத்தை வீட்டுக்காரரும் தரகரும் பேசி முடிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோதும் வீட்டுப் பணியாளர் வெளியேதான் நின்றார்கள். ஊழியர் சேமலாப நிதியும் அவர்களை எட்டவில்லை.

இந்நிலைப்பாட்டின் சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற் பரிசோதகர் தொழிற்சாலைக்குள் நுழைவது போல ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் நடுத்தரக் குடும்பம் சட்டச் செலவு கூடினால் ஆயாவை நிறுத்திவிடும் அல்லது மறைத்து வைத்துக்கொள்ளும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. எவ்வளவு வேலை அப்படிக் குறையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால் இதே அச்சம் ஒவ்வொரு குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் முன்னும் எழுந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிறுமியர்: எந்தப் பதிவும் அடையாத இடம்

மேலே சொன்ன நான்கு நிலைப்பாடுகளும் வளர்ந்த பெண்ணை மனத்தில் கொண்டவை. மலையகத்தில் இந்தக் கேள்வி பொதுவெளியில் வெடித்ததோ சிறுமியரின் சாவுகளால். 2009 ஆகஸ்டில், கொழும்பு வீடுகளில் வேலைக்கிருந்த மஸ்கெலியாச் சிறுமியர் இருவரின் உடல்கள் பௌத்தாலோக மாவத்தைப் பகுதிக் கால்வாயில் கிடைத்தன. 2021 ஜூலையில், அரசியல்வாதி ஒருவரின் கொழும்பு வீட்டில் பணிபுரிந்த டயகமச் சிறுமி தீக்காயங்களால் இறந்தபோது தோட்டங்கள் தோறும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அவரை வேலைக்குச் சேர்த்தபோது பதினாறு வயது நிறைந்திருந்ததா என்பதும் தரகரின் பங்கும் பெரிய கேள்விகளாயின.

சட்டம் அதற்குள் மாறியிருந்தது. கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்ந்தது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக்கியது. 1998இல் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் அதன் 1929 தொலைபேசி இலக்கமும் இருந்தன. சட்டத்தில் குறை இருந்ததைவிட, ஒரு வீட்டுக்குள் யார் வேலை செய்கிறார் என்பதை அறியும் வழி இல்லாததே பெருங்குறை.

பதிவு இந்த இடைவெளியை நிரப்புமா? விருப்பப் பதிவு நிரப்பாது என்று துணிந்து சொல்லலாம். வயது குறைந்த பிள்ளையை வைத்திருக்கும் வீடு தானாக வந்து பதியப்போவதில்லை. கட்டாயப் பதிவும் வீட்டுக்காரரையும் தரகரையும் பிடிக்காத வரையில், பிள்ளையின் குடும்பத்தையே குற்றவாளியாக்கும் அபாயம் உண்டு. முற்பணம் வாங்கி மகளை அனுப்பிய பெற்றோரை மட்டும் தண்டிப்பது எளிது. லயத்து வறுமையையும் பாதியில் நிற்கும் படிப்பையும் தரகரின் வலையையும் தொடுவது கடினம். கிராம உத்தியோகத்தர், தோட்டத்துப் பாடசாலை அதிபர், தோட்டத் தலைவர் ஆகியோருக்கு யார் ஊரைவிட்டுப் போனார் என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். பள்ளியிலிருந்து விலகிய பிள்ளையைப் பின்தொடரும் ஏடு, வேலைக்குச் சேர்ந்தவரைப் பதியும் ஏட்டைவிட முன்னதாகவே ஆபத்தைக் காட்டக்கூடும்.

பிள்ளைக் காம்பரா: விவாதத்தில் விடுபடும் பாதி

ஆயா பதிவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் விடுபடுவது, ஆயாவின் பிள்ளையை யார் பார்க்கிறார் என்பது. தோட்டத்தில் இதற்கு நெடுங்கால ஏற்பாடு இருக்கிறது. கொழுந்துக்குப் போகும் தாய் காலையில் பிள்ளையைக் காம்பராவில் விட்டுப் போவாள். முற்காலத்தில் மலைவேலை செய்ய இயலாத வயதான பெண்ணே அங்கே ஆயம்மா. தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய 1992இல் உருவான அமைப்பு, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில் இயங்குகிறது. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அதில் பங்காளிகள். அதன் காலத்தில் காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார்.

பிள்ளை பார்ப்பவரின் பயிற்சி, சம்பளம், இடம், மேற்பார்வை ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்த அனுபவம் இலங்கையில் எங்கேனும் உண்டென்றால் அது இங்கேதான். தனியாளைப் பதிவதற்குப் பதிலாகப் பராமரிப்பு நடக்கும் இடத்தைப் பொறுப்பாக்கும் வழி இது. இதற்கும் குறைகள் உண்டு. தரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. காம்பராவின் நேரம் கொழுந்து நேரத்தை ஒட்டியது. நகரத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் தாய்க்கு அது பொருந்துவதில்லை. தோட்டத்தில் பேர் இல்லாத குடும்பங்கள் பெருகப் பெருக, தோட்ட நிர்வாகத்தின் கடமை எங்கே முடிகிறது, மாகாண சபையின் கடமை எங்கே தொடங்குகிறது என்பது மங்கலாகிறது. கொழும்பில் பிறர் பிள்ளையைப் பார்க்கும் பெண்ணின் சொந்தப் பிள்ளை, பெரும்பாலும் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ எந்த ஏட்டிலும் ஏறாத பராமரிப்பில் வளர்கிறது.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகளை அருகருகே வைத்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பணியாளரை மட்டும் பதியும் ஏடு, 1871இலானாலும் இன்றானாலும், வீட்டுக்காரரின் கருவியாகவே முடிகிறது. விருப்பப் பதிவு, பதிபவருக்கு நேரடி நன்மை உள்ள இடத்தில் மட்டுமே ஆட்களை ஈர்க்கிறது. மிகவும் ஆபத்தான வீடுகளை அது அடைவதில்லை. தரகர் மீது கடமை சுமத்துவது, தனி வீடுகளைச் சோதிப்பதைவிட எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருக்கக்கூடும். குறைந்தபட்சச் சம்பளமும் சேமலாப நிதியும் இல்லாத இடத்தில் பதிவு முதற்படியாக வருவது, வரிசையைத் தலைகீழாக்குவதாகவே தோன்றுகிறது.

இன்னும் திறந்திருக்கும் கேள்விகளும் உண்டு. வீட்டின் அந்தரங்கத்தைக் காத்தபடி சோதனை நடத்தும் முறையை இலங்கையின் தொழிற் திணைக்களம் தன் ஆளணியைக்கொண்டு நடத்த முடியுமா? பதிவு பொலிஸிடம் இருப்பதற்கும் பிரதேச செயலகத்திடமோ ஒரு நல வாரியத்திடமோ இருப்பதற்கும் மலையகப் பெண்ணின் நம்பிக்கையில் எவ்வளவு வேறுபாடு ஏற்படும்? தமிழ்நாட்டு வாரியத்தின் நன்மைகளையும் பிலிப்பைன்ஸ் சட்டத்தின் வேலைகொடுப்போர் கடமையையும் ஒன்றாக இணைத்தால், நடுத்தரக் குடும்பம் அதை ஏற்குமா அல்லது ஒளிந்துகொள்ளுமா? சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பெற்ற பயிற்சி, நகர வீட்டு வேலையிலும் கூடுதல் சம்பளத்துக்குரிய தகைமையாக மதிக்கப்படுமா? இவற்றுக்கு விவாதத்தால் மட்டும் விடை கிடைக்காது. ஒரு மாவட்டத்தில், வரையறுத்த காலத்துக்கு, பணியாளர் சங்கங்களும் பங்கேற்கும் முன்னோட்டத் திட்டம் சிலவற்றைத் தெளிவாக்கலாம். பெரும்பாலானோர் புறப்படும் இடமாகவும் காம்பரா அனுபவம் உள்ள இடமாகவும் இருப்பதால், அதை நுவரெலியாவில் தொடங்குவதற்குக் கொழும்பில் தொடங்குவதைவிட அதிகக் காரணம் இருக்கிறது.